கன்னியாகுமரி ஒரு நாள் ஊரா?

கன்னியாகுமரிக்கு ஒரு நாள் போதும் என்பது தமிழ்நாட்டுக் குடும்பங்களில் யாரும் கேள்வி கேட்காமல் கைமாறி வரும் தீர்ப்பு. விடியுமுன் போய் இறங்க வேண்டும், சூரிய உதயம் பார்க்க வேண்டும், குளித்துவிட்டுப் பகவதி அம்மனைக் கும்பிட வேண்டும், படகேறி விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் போய்வர வேண்டும், காந்தி மண்டபத்தை எட்டிப் பார்க்க வேண்டும், மாலையில் சூரியன் மறைந்ததும் இரவு வண்டி பிடிக்க வேண்டும். அதற்கு மேல் அங்கே தங்குவது காசுக்குக் கேடு என்று போய்வந்தவர்கள் சொல்வார்கள், போகப்போகிறவர்கள் தலையாட்டுவார்கள். இந்தத் தீர்ப்பு தவறானது. தனியாகப் போகும் இளைஞருக்கே இது அரைகுறையாகத்தான் பொருந்தும். வயதானவர்களையும் சிறுபிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகும் குடும்பத்துக்குச் சுத்தமாகப் பொருந்தாது.

இந்த ஒரு நாள் கணக்கைப் போட்டவர்கள் யார் என்று பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். இரவெல்லாம் பேருந்தில் தூங்கிப் பகலில் ஊர் பார்க்கும் பள்ளி, கல்லூரிச் சுற்றுலாக்கள். மதுரை, ராமேசுவரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று ஒரே மூச்சில் சுற்றிக்காட்டும் டூர் வேன்கள். கார்த்திகை முதல் தை வரை சபரிமலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ வந்து முங்கிவிட்டுப் போகும் ஐயப்ப பக்தர்கள். இவர்களுக்குக் கன்னியாகுமரி ஒரு வழித்தங்கல். அவர்கள் அளவில் அரை நாளே தாராளம். அந்த வழித்தங்கல் கணக்கையே குடும்ப விடுமுறைக்கும் எடுத்துக்கொண்டதில்தான் கோளாறு. இது ஊர் வியாபாரத்துக்கும் வசதியாக அமைந்துவிட்டது. அறை எவ்வளவு சீக்கிரம் காலியாகிறதோ அவ்வளவு சீக்கிரம் அடுத்த ஆளுக்கு விடலாம். உதயம் தெரியும் ஜன்னல் என்றால் வாடகையும் கூடுதல். ஒருவேளை மட்டும் சாப்பிட்டுப் போகிறவருக்கு நல்ல சாப்பாடு போட்டு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. முனையைச் சுற்றியுள்ள கடைத்தெரு சங்கு, சோழி, பாசிமாலை, தொப்பி என்று நின்றுபோனதற்கு, திரும்பி வராத வாடிக்கையாளரை நம்பியே அது வளர்ந்ததுதான் காரணம்.

ஒரு நாள் திட்டம் மூன்று தூண்களின்மேல் நிற்கிறது: காலை உதயம், பகல் படகு, மாலை அஸ்தமனம். மூன்றுமே பயணியின் கையில் இல்லை.

முதலில் உதயம். இந்திய நிலப்பரப்பின் தென்முனை என்பதால் இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் கடலிலிருந்து எழும், அதில் பொய்யில்லை. மாதத்தைப் பொறுத்து ஏறக்குறைய காலை 6 மணிக்கும் 6.45-க்கும் இடையில் எழும். ஆனால் எழும் நேரத்தில் கீழ்வானம் திறந்திருக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே நனைக்கும் மாவட்டம் இது. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை ஏதோ ஒரு பருவத்தின் மேகம் வானத்தில் இருக்கும். மழையில்லாத மாதங்களிலும் கடல்மட்டத்தை ஒட்டி மேகக் கோடு ஒன்று படுத்திருப்பது வழக்கம். அப்போது அட்டையில் அச்சடித்த படத்தில் உள்ளதுபோல் செந்தட்டு நீரிலிருந்து கிளம்பாது. மேகத்துக்கு மேலே, ஏற்கெனவே வெளுத்துப்போன சூரியன் தலைகாட்டும். இரவு முழுக்கப் பயணம் செய்து, அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆயிரம் கைபேசிகளுக்குப் பின்னால் நின்று பார்ப்பது பல நாட்களில் இதுதான். மறுநாளும் அங்கேயே இருப்பவருக்கு இதில் நட்டமில்லை, இன்னொரு காலை இருக்கிறது. இரவு வண்டிக்குச் சீட்டு எடுத்துவிட்டவருக்கு இல்லை.

அஸ்தமன விஷயத்தில் ஏமாற்றம் இன்னும் உறுதியானது, ஏனென்றால் அதை மேகம் தீர்மானிப்பதில்லை. கன்னியாகுமரியிலிருந்து மேற்குக் கரை நேர் மேற்காகப் போகவில்லை. முட்டம், குளச்சல் வழியாக வடமேற்காகச் சாய்ந்து போகிறது. சூரியன் தென்பாதியில் இருக்கும் மாதங்களில், தோராயமாக அக்டோபர் முதல் மார்ச் வரை, முனையில் நின்றால் அது கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். மே, ஜூன், ஜூலையில் சூரியன் வடக்கே வெகுதூரம் தள்ளி மறைகிறது. அப்போது அது கரையின் நிலப்பக்கம்தான் இறங்கும். அதாவது, பள்ளி விடுமுறை என்று மே மாதத்தில் மூட்டை கட்டிக்கொண்டு வரும் குடும்பத்துக்கு, முக்கடல் முனையில் கடலுக்குள் சூரியன் மறையும் காட்சி கிடைக்கவே கிடைக்காது. ஊரில் யாரும் இதை முன்கூட்டிச் சொல்வதில்லை. ‘இன்னைக்கு மேகம், அதான் தெரியல’ என்று தங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டு கூட்டம் கலையும்.

மூன்றாவது தூண், படகு. பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் பொதுவாகக் காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிவரை ஓடும். கடல் சீற்றம் இருந்தால் ஓடாது. நீர்மட்டம் தாழ்ந்தாலும் ஓடாது. காலையில் நிறுத்தி, மதியம் தொடங்கி, மறுபடி நிறுத்துவதும் உண்டு. வள்ளுவர் சிலை நிற்கும் பாறையைச் சுற்றி ஆழம் குறைவு, கல் அதிகம். அதனால் விவேகானந்தர் பாறைக்குப் படகு போகும் நாட்களிலும் சிலைக்குப் போகாமல் திரும்பிய காலம் வெகுநீளம். 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட சிலையைக் கரையிலிருந்தே கும்பிட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். அந்தக் குறை 2024 டிசம்பர் 30-இல் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலத்தால் பெருமளவு தீர்ந்தது. 77 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட அந்தப் பாலம் இரண்டு பாறைகளையும் இணைத்துவிட்டதால், ஒரு பாறையில் இறங்கியவர் நடந்தே மறுபாறைக்குப் போகலாம். ஆனால் முதல் பாறைக்குப் போகப் படகுதான் வழி. பாலம் வந்தபின் அதைப் பார்க்கவென்றே வரும் கூட்டமும் சேர்ந்துகொண்டது.

விடுமுறை நாளில் அந்த வரிசையில் குடும்பம் என்ன படுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சாதாரணக் கட்டணம், சிறப்புக் கட்டணம் என இரண்டு வரிசை. சாதாரண வரிசையில் மணிக்கணக்கில் நின்றபின் உயிர்காப்பு அங்கி மாட்டிக்கொண்டு படகேறினால் பயணம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பாறையில் இறங்கும்போது உச்சிவெயில். மண்டபத்துக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். வெயிலில் காய்ந்த கல்தளம் பாதத்தைப் பொரிக்கும். பிள்ளைகள் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக் குதிப்பார்கள். முழங்கால் வலியுள்ள பாட்டி நிழல் தேடிச் சுவரோரம் நின்றுவிடுவார். 1892 டிசம்பரில் விவேகானந்தர் தவமிருந்த பாறை, ஏக்நாத் ரானடேயின் முயற்சியால் 1970-இல் எழுந்த மண்டபம், உள்ளே தியான அறை. அந்த அறையின் அமைதியைப் பத்து நிமிடம்கூட அனுபவிக்காமல் ‘அடுத்த போட்டுக்கு லேட்டாயிடும்’ என்று இறங்கி வருவதுதான் ஒரு நாள் திட்டத்தின் சாதனை. கணபதி ஸ்தபதி செதுக்கிய சிலையின் பீடம் 38 அடி, அதன்மேல் சிலை 95 அடி. அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள்மேல் பொருளும் இன்பமும் நிற்பதாகக் கணக்கு. அதைப் பிள்ளைகளுக்கு நின்று சொல்லித்தர நேரம் வேண்டாமா?

இதே படகை, ஊரில் தங்கியிருப்பவர் சனி, ஞாயிறு அல்லாத ஒரு நாளில், காலை முதல் படகுக்குப் பிடித்தால் கதையே வேறு. கல் சூடேறுமுன் சுற்றிவிட்டுப் பத்தரை மணிக்குள் கரைக்குத் திரும்பிவிடலாம். அன்று படகு ஓடாவிட்டால் மறுநாள்.

பயண நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். சென்னையிலிருந்து கன்னியாகுமரி விரைவு ரயிலில் வருபவர் ஒரு வழிக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் இருக்கிறார். வந்த அன்றே திரும்பினால் ரயிலில் இருந்த நேரம் ஊரில் இருந்த நேரத்தைவிட இரண்டு மடங்கு. செலவு மிச்சம் என்ற வாதமும் இங்கே அடிபடுகிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குப் பெருஞ்செலவு போக்குவரத்துதான். அதை எப்படியும் செய்தாகிவிட்டது. கூடுதலாக மூன்று இரவு தங்குவதால் ஏறுவது அறை வாடகையும் சாப்பாடும் மட்டுமே. அதைக் குறைக்கவும் வழி இருக்கிறது. முனையைப் பார்த்த ‘வியூ’ அறை வேண்டாம் என்றால் வாடகை இறங்கிவிடும். விவேகானந்தபுரத்தில் விவேகானந்த கேந்திரத்தின் பரந்த வளாகத்தில் குடும்பத்தோடு தங்க இடம் உண்டு. அங்கிருந்து தனியே கடற்கரைக்கு நடந்துபோய் உதயம் பார்க்கலாம். 20 கிலோமீட்டர் தள்ளி நாகர்கோவிலில் தங்கினால் சாப்பாடும் நன்றாக இருக்கும், நான்கு பக்கமும் பேருந்தும் கிடைக்கும்.

ஒரு நாள் கட்சியின் வலுவான வாதத்துக்கு இனி வரவேண்டும். ‘ஊர் ரொம்பச் சின்னது, முனையை ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம், கூட்டமும் கூச்சலும் தாங்கவில்லை, இரண்டாம் நாள் அங்கே என்ன செய்வது?’ இதில் முதல் பாதி உண்மை. முனை சின்னதுதான். கூட்டம் சகிக்காதுதான், அதிலும் விடியற்காலையிலும் மாலையிலும். ஆனால் இரண்டாம் நாளையும் முனையிலேயே கழிக்க வேண்டும் என்று யார் சொன்னது? கடற்கரை ஊருக்குப் போவது என்றால் அந்த ஊரின் பேருந்து நிலையத்துக்கும் படகுத்துறைக்கும் இடையிலுள்ள அரை கிலோமீட்டருக்குப் போவது என்று பொருள் கொண்டதால் வந்த வினை இது. முனைக்குப் பின்னால் ஒரு மாவட்டம் இருக்கிறது. 1956 நவம்பர் 1-இல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்த நிலம் அது. கடல், வயல், குளம், மலை, அணை, அரண்மனை எல்லாம் இரண்டு மணி நேரக் கார் பயணத்துக்குள் அடங்கும் இப்படிப்பட்ட இடம் தமிழ்நாட்டில் வேறொன்று சொல்வது கடினம்.

முனையிலிருந்து ஆறேழு கிலோமீட்டரில் வட்டக்கோட்டை. 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்துக் கருங்கல் கோட்டை. இப்போது தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. உள்ளே புல்தரை, மதில்மேல் ஏறினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்னந்தோப்புக்கு அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி முகடுகள். பிள்ளைகளை ஓடவிட்டுவிட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்க முனையில் இப்படி ஓர் இடம் கிடையாது. டூர் வேன்கள் இங்கே நிற்பதுண்டு, இருபது நிமிடம்.

சுசீந்திரத்தில் ஒரு நாள் திட்டம் படும் பாடு தனி. படகை முடித்துக்கொண்டு வேன் அங்கே போய்ச் சேரும்போது தாணுமாலயன் கோயில் நடை சாத்தியிருக்கும். 134 அடி ராஜகோபுரத்தின் அடியில் படம் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். மாலையில் நடை திறந்தபின் போகிறவருக்கு, சிவனும் திருமாலும் பிரம்மனும் ஒன்றான மூலவர், 18 அடி அனுமன், தட்டினால் தனித்தனிச் சுரம் தரும் ஒற்றைக்கல் தூண்கள், விளக்கொளியில் நீண்டு கிடக்கும் பிரகாரம் எல்லாம் கிடைக்கும். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை. கோயிலுக்குச் சற்றுத் தள்ளித் தேரூர்க் குளம். சுசீந்திரம், தேரூர் நீர்நிலைகள் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகளைச் சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். நுழைவுச் சீட்டும் வரிசையும் இல்லை.

பத்மநாபபுரம் அரண்மனைக்காக மட்டுமே ஒரு நாள் கூடுதலாகத் தங்கலாம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த இடம். நிலம் தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரள அரசின் தொல்லியல் துறையிடம். மாநிலப் பிரிவினை விட்டுவைத்த ஒரு விசித்திரம். உள்ளே போனதும் தரை கண்ணை இழுக்கும். கண்ணாடிபோல் மினுங்கும் அந்தக் கறுப்புத் தளம் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு முதலியவற்றைக் கலந்து போட்டது என்கிறார்கள். வெறுங்காலோடு நடந்தால் மேமாத வெயிலிலும் குளிர்ந்திருக்கும். மந்திரசாலையின் மரச்சட்டங்களில் பதித்த மைக்காத் தகடுகள் வழியே நிற ஒளி இறங்கும். மூலிகை மரங்கள் 64 வகை கொண்டு செய்ததாகச் சொல்லப்படும் கட்டில், ஆயிரம் பேருக்குமேல் ஒரே நேரத்தில் சாப்பிட்ட ஊட்டுப்புரை, முன்னூறு ஆண்டுப் பழைய மணிக்கூண்டு. தலை இடிக்கும் நிலைப்படி, ஏணிபோல் செங்குத்தான மரப்படி என்று பிள்ளைகளுக்கு இது ஓர் ஒளிந்துவிளையாட்டு வீடு. அவசரமாக ஓடினால் தலைதான் இடிபடும். திங்கட்கிழமை விடுமுறை, மதியம் இடைவேளை. ஞாயிறு இரவு கிளம்பித் திங்களன்று வந்து சேரும் ஒரு நாள் குடும்பம் இதை நினைத்தும் பார்க்க முடியாது. பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் டச்சுப் படையிலிருந்து பிடிபட்டு, பின்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தளபதியாக உயர்ந்த டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. சரித்திரப் பாடம் படிக்கும் பிள்ளைக்கு அதைக் காட்டாமல் வருவது பாவம்.

உள்நாட்டுப் பக்கம் இன்னொரு நாள். கோதையாறு விழும் திற்பரப்பு அருவி, பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தண்ணீரை இட்டுச்செல்லும் மாத்தூர் தொட்டிப்பாலம், சிதறால் மலையில் சமணர் சிற்பங்கள். மூன்றையும் ஒரே நாளில் அடைக்க வேண்டியதில்லை. அருவியும் தொட்டிப்பாலமும் போதும். தொட்டிப்பாலத்தில் நடந்தால் ஒரு பக்கம் கால்வாய்த் தண்ணீர் கூடவே வரும், மறுபக்கம் கீழே தென்னைகளின் தலை தெரியும். தலைசுற்றல் உள்ளவர்கள் பாலத்தின் தொடக்கத்திலேயே இளநீர் குடித்துக்கொண்டு நிற்கலாம்.

கடலைப் பற்றி, குறிப்பாகப் பிள்ளைகளைப் பற்றி. ‘கடல் ஊருக்குப் போய்க் குளிக்கவில்லையா’ என்ற கேள்விக்குக் கன்னியாகுமரியில் அடக்கமான பதில்தான் தர முடியும். இந்தக் கரை ஆபத்தானது. முனையில் பாறையும் சுழலும். மேற்கே சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம் கடற்கரைகள் அழகானவை. ஆனால் அலை பலமானது. அதைவிட ஏமாற்றுவது, ஏப்ரல், மே மாதங்களில் வரும் கள்ளக்கடல். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயலால் எழும் நீள அலைகள், இங்கே காற்றோ மழையோ இல்லாத தெளிந்த நாளில் கரையேறும். 2024 மே 6 அன்று கணபதிபுரத்தை ஒட்டிய கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் இந்த அலையில் சிக்கி இறந்தார்கள். ஐதராபாத்திலுள்ள பெருங்கடல் தகவல் சேவை மையம் அதற்கு முன்பே எச்சரிக்கை விடுத்திருந்தது. அவசரத்தில் வருகிறவர் எச்சரிக்கையைப் பார்ப்பதில்லை. வந்துவிட்டோமே, கால் நனைக்காமல் போவதா என்று இறங்குவார். நாலு நாள் இருப்பவருக்கு அந்த நெருக்கடி இல்லை. உள்ளூர் மீனவர் ‘இன்னைக்கு இறங்காதீங்க’ என்றால் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு நாளை வரலாம். மணக்குடியில் பழையாறு கடலோடு சேரும் பொழிமுகத்தைப் பாலத்தின்மேல் நின்று பார்ப்பது, முட்டம் கலங்கரை விளக்கத்தை அடுத்த செம்மண் மேட்டில் உட்கார்ந்திருப்பது, ஈரமணலில் பிள்ளைகளை விளையாட விடுவது: இந்தக் கடலை இப்படித்தான் அனுபவிக்க வேண்டும். குளியலுக்கு அருவி இருக்கிறது.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் இந்த மாவட்டத்துக்கு அநியாயம். முனையில் ஒருவேளை சாப்பிட்டவர் ‘கன்னியாகுமரியில் சாப்பாடு சரியில்லை’ என்று எழுதி வைத்துவிடுகிறார். தேங்காய் அரைத்த மீன்குழம்பும் மரச்சீனியும், புட்டும் பயறும் பப்படமும், நாகர்கோவில் நேந்திரங்காய்ச் சிப்ஸ், முந்திரிக்கொத்து, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப் பழம்: இவை எதுவும் அந்தக் கடைத்தெருவில் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. மீனிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகளுக்குத் தடை. இரண்டு கரையும் கொண்ட இந்த மாவட்டத்தில் இரண்டு தடையும் அமலாகும்: சின்னமுட்டம் துறைமுகத்துக்கு ஒரு கணக்கு, முட்டம், குளச்சலுக்கு இன்னொன்று. அந்த நாட்களில் வள்ளத்திலும் கட்டுமரத்திலும் பிடிப்பதுதான் சந்தைக்கு வரும், விலை ஏறும். கோடை விடுமுறைக்காரர் சரியாக அந்த நேரத்தில் வந்து ‘மீன் என்ன இந்த விலை’ என்பார்.

ஆக, எந்த மாதம் என்பதிலும் பொதுக்கருத்து சறுக்குகிறது. மே மாதம் பள்ளி விடுமுறை என்பதைத் தவிர அதற்கு ஆதரவாக ஒரு காரணமும் இல்லை. வெயில், கள்ளக்கடல், மீன்பிடித் தடை, கடலில் மறையாத சூரியன் எல்லாம் ஒன்றாக வாய்க்கும் மாதம் அது. அரையாண்டு விடுமுறையோ ஐயப்ப சீசனின் உச்சத்தில் விழுகிறது; புத்தாண்டுக் கூட்டமும் சேர்ந்தால் படகுத்துறைப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. அதற்கு முந்தைய நவம்பர் கடைசி புயல் காலம்; 2017-இல் ஒக்கி இந்த மாவட்டத்து மீனவர் குடும்பங்களை நிலைகுலையச் செய்தது நவம்பர் 30 அன்று. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் பொருத்தமானது காலாண்டு விடுமுறை. நவராத்திரியும் அதையொட்டி வந்தால் இன்னும் நல்லது. விஜயதசமியன்று பகவதி அம்மன் மகாதானபுரத்துக்குப் பரிவேட்டைக்கு எழுந்தருள்வதை ஊரோடு சேர்ந்து பார்க்கலாம். அக்டோபர் 2 அன்று நண்பகலில் காந்தி மண்டபத்தில், 1948-இல் அஸ்திக் கலசம் வைத்த இடத்தில் வெயில் விழுவதையும் பார்க்கலாம். பள்ளிக் கட்டு இல்லாத வீட்டார் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை எப்போது போனாலும் சரி. அப்போது வானம் தெளிவு, சபரிமலைக் கூட்டம் ஓய்ந்திருக்கும், சூரியனும் கடலில் மறையும்.

நாட்களை அடுக்குவதில் ஒரே விதிதான்: ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், பன்னிரண்டு முதல் நான்கு வரை அறையில் ஓய்வு. அந்த நேரத்தில் கோயில் நடை சாத்தியிருக்கும், வெயிலும் உச்சத்தில் இருக்கும். வெளியே அலைந்து கிடைப்பது தலைவலிதான். வந்து சேரும் நாளை எதற்கும் ஒதுக்காமல் மாலையில் முனைப்பக்கம் ஒரு நடை போனால் போதும். மறுநாள் காலை வானம் திறந்திருந்தால் உதயம், பிறகு முதல் படகு, மாலை சுசீந்திரம். அதற்கடுத்த நாள் பத்மநாபபுரம், திரும்பும் வழியில் முட்டத்தில் அந்தி. நான்காம் நாள் படகோ உதயமோ விட்டுப்போயிருந்தால் அதற்கு. இல்லையென்றால் அருவிக்கோ வட்டக்கோட்டைக்கோ. பாட்டிக்கு அலைச்சல் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒரு நாளை அப்படியே நீக்கிவிடலாம், திட்டம் உடையாது.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. போகும் சீட்டை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும், மூன்று இரவு தள்ளித் திரும்பும் சீட்டை அதற்கான முன்பதிவு திறக்கும் நாளில் எடுக்க வேண்டும். நாகர்கோவிலிலும் திருநெல்வேலியிலும் இருப்பவர்கள் காலையில் வந்து மாலையில் திரும்பலாம், அவர்களுக்கு இந்த வாதம் எதுவும் பொருந்தாது. மற்றபடி, ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்ற நிலையிலுள்ள குடும்பம் இந்த ஆண்டு கன்னியாகுமரியை விட்டுவிட்டு வீட்டுக்கு அருகிலுள்ள ஏதாவதொரு கடற்கரைக்குப் போவதே மேல்.